உஸ் வால்வும் பம்ப் அக்காவும்

நான் விற்ற பொருள்களிலேயே ஒன்றுக்கும் உதவாதது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், டீசல் வண்டிக்கு மாட்டும் புளோ ஆஃப் வால்வு. கடையில் நன்றாக விற்றதும் அதுதான். உள்ளங்கையளவு இருக்கும். அலுமினியம். நீலத்திலோ சிவப்பிலோ பளபளக்கும். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த வண்டியின் காற்றுக்குழாயை வெட்டி நடுவில் இதைச் சொருகி, ஆக்சிலேட்டருக்கு அடியில் ஒரு சுவிட்சை வைத்துவிட்டால் போதும். காலை எடுக்கும்போதெல்லாம் குழாயில் இருக்கிற காற்று ‘உஸ்ஸ்’ என்று பீறிட்டு வெளியே வரும். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதன் வேலை அதோடு முடிந்தது. இளவட்டங்கள் அதை உஸ் வால்வு என்பார்கள். ஆனால் நான் சத்தத்துக்கு என்று சொல்லி விற்கவில்லை. டர்போவின் ஆயுள் கூடும் என்று சொல்லி விற்றேன்.

என் கெட்ட நேரம், கடைக்கு நேர் எதிரே பம்ப் அக்காவின் பட்டறை இருந்தது.

கள்ளக்குறிச்சியில் சேலம் போகிற சாலையில் அப்போது எனக்கு உதிரிபாகக் கடை. இப்போது கடையையும் ஊரையும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அக்காவைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. டீசல் பம்ப்பும், இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரும் கழற்றிச் சரிபார்ப்பவர் என்பதால் அந்தப் பெயர். அவருக்கென்று அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பட்டறைப் பலகையில்கூட அதை எழுதவில்லை. குள்ளமான ஆள். புடவைக்கு மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. கணவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். வீட்டில் பேசுவதற்கு அவருக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை என்று நினைக்கிறேன். அக்கா நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும் என்ன கேட்டதோ அதைச் சொல்வார். யார் பக்கத்தில் இருக்கிறார்கள், என்ன நேரம், என்ன இடம் என்றெல்லாம் பார்ப்பது கிடையாது.

ஒருமுறை ஒருவர் பழைய வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கிவந்து பட்டறை வாசலில் பூஜை போட்டார். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த மனிதர் ஆசையாகக் கேட்டார்.

“வண்டி எப்டி இருக்குதுக்கா?”

“வெள்ளத்துல நின்ன வண்டி இது. சீட்டுக்கு அடியில பாருங்க, சேறு இருக்குது.”

கற்பூரத் தட்டோடு நின்ற ஐயர் தட்டை அப்படியே கீழே இறக்கிவிட்டார். வண்டிக்காரர் அதன் பிறகு அக்காவோடு பேசவில்லை. மூன்றாம் மாதம் ஒயரிங் முழுக்கப் போனபோதுதான் பேசினார்.

என் மாமனார் இறந்தபோது அக்கா துக்கத்துக்கு வந்தார். மாலை போட்டார், என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அமரர் ஊர்தி கிளம்பும்போது திடீரென்று டிரைவரிடம் போய் ஜன்னலைத் தட்டினார்.

“நாலாவது இன்ஜெக்டர் அடிக்குது. பெரியவர கொண்டுபோய் சேத்துட்டு நேரா பட்டறைக்கு வா.”

என் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிற்பாடு ஒருநாள் அவளே அக்காவிடம், எங்கள் கடைச் சரக்கு எல்லாம் அசல்தானே என்று பெருமையாகக் கேட்டாளாம். அக்கா யோசித்து, “பாதி” என்றிருக்கிறார். அன்றைக்கும் மறுநாளும் எனக்குப் பழைய சோறு.

வால்வு விஷயத்துக்கு வருகிறேன். தியாகதுருகத்திலிருந்து ஒருவன் வெள்ளை வண்டியில் வந்தான். புது டீசல் வண்டி. நீல வால்வு ஒன்றை வாங்கி, மாட்டுவதற்கு நேரே எதிர்ப்பட்டறைக்கே போய்விட்டான். எட்டிப்பிடித்து வேறு பட்டறைக்கு அனுப்ப எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

“இது இன்னாத்துக்குடா?”

“காத்த வெளிய வுடறதுக்குக்கா. டர்போ கெட்டுப்போவாம இருக்குமாம்.”

“யாரு சொன்னா?”

அவன் என் கடையைக் காட்டினான். அக்கா சாலைக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி, “யோவ் கடை, இங்க வா” என்று கூப்பிட்டார். போனேன். பானட் திறந்திருந்தது.

“பெட்ரோல் வண்டியில கால எடுத்தா காத்து போற வழியில ஒரு தகடு மூடிக்கும். டர்போ தள்ளிக்கினு இருக்கற காத்து அதுல முட்டித் திரும்பும். அத வெளிய வுடத்தான் இந்த வால்வு. சரியா? இப்ப இந்த டீசல் வண்டியில கால எடுத்தா டீசல்தான் கம்மியாவும். காத்து அது பாட்டுக்கு உள்ள போய்க்கினு இருக்கும். முட்டறதுக்கு செவுரே இல்ல. எதுல முட்டும்?”

நானும் விடவில்லை. செல்போனில் படித்த ஒன்றை எடுத்துவிட்டேன். “புது டீசல் வண்டியில தகடு இருக்குதுக்கா.”

“இருக்குது. இஞ்சின உதறாம நிறுத்தறதுக்கும், பொகைய சுத்தம் பண்றதுக்கும் வச்சிருக்கான். இவன் கால எடுத்தவொடனே மூடறதுக்கு இல்ல.”

வண்டிக்காரன் தலையைச் சொறிந்தான். “சத்தம் நல்லா இருக்கும்னுதான்க்கா” என்றான்.

“அத மொதல்லயே சொல்லக்கூடாதா? சத்தம் வேணும்னா சத்தம் வேணும்னு சொல்லு. டர்போவ எதுக்கு சாட்சிக்கு இழுக்கற?” என்றவர் ஸ்பேனரை எடுத்தார். அரைமணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தும் விட்டார். எனக்குப் புரியவில்லை. வால்வு மேல் அவருக்குக் கோபமே இல்லை. மாட்டுகிறவன் என்ன சொல்லி மாட்டுகிறான் என்பதில்தான் அவருக்கு வழக்கு. அன்று முதல் வால்வோடு வருகிற ஒவ்வொருவனையும் ‘சத்தத்துக்குத்தான்’ என்று வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் கையை வைப்பார். ஒருவன் கடைசிவரை டர்போ ஆயுள் என்றே பிடிவாதம் பிடித்தான். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வேறு வழியில்லாமல் கண்ணாடி அலமாரியில் நானே எழுதி ஒட்டினேன், ‘சத்தம் மட்டும்’ என்று. வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தேன். முன்பைவிட அதிகமாக விற்றது.

அக்கா மலைக்காரர். கரியாலூர் பக்கம் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண் என்று அவர் தம்பிதான் எனக்குச் சொன்னான். அக்காவைக் கேட்டால், “படிச்சேன்” என்பதோடு சரி.

அந்தத் தம்பி அக்காவுக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் சர்க்கரை. கரியாலூரில் ஜீப் வைத்திருந்தான். அருவி பார்க்க வருகிறவர்களை ஏற்றுவான், மற்ற நாளில் ஊர் ஆட்களை. பக்கத்து ஊரில் அவனுக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. பெண்ணின் அப்பா சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் தம்பி கடைக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, செவப்புல ஒண்ணு குடுங்க. அக்காகிட்ட சொல்லாதீங்க.”

“சத்தத்துக்குத்தானே?”

“கல்யாணம் ஆவப்போவுதுண்ணே” என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கொடுத்துவிட்டேன். சின்னசேலத்தில் எவனையோ பிடித்து மாட்டிக்கொண்டான்.

அடுத்த வாரம் டீசல் போட ஊருக்குள் வந்தவன், பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளிக் காலை எடுத்திருக்கிறான். அக்கா இன்ஜெக்டரைக் கையில் வைத்தபடி தலையை நிமிர்த்தினார். “எங்க ஜீப்பு” என்றார். பத்து நிமிஷத்தில் ஜீப் வாசலில் நின்றது. தம்பி இறங்கி வந்தான்.

“அது வண்டியோடவே வந்துச்சுக்கா.”

அவன் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் அக்கா விட்டிருப்பாரோ என்னவோ. “மலையில ஆள் ஏத்தற வண்டிடா இது. குழாய வெட்டற ஒவ்வொரு எடமும் ஒரு ஓட்ட. காத்து கம்மியாயிட்டா வளைவுல இன்னா பண்ணுவ?” என்று கேட்டுக்கொண்டே வால்வைக் கழற்றினார். வெட்டிய இடத்தில் ரப்பர் குழாயைச் சொருகி, இரண்டு பக்கமும் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பு போட்டு முறுக்கினார். பிறகு சாலையைக் கடந்து வந்து வால்வை என் மேசையில் வைத்தார்.

“எந்தம்பிக்கு ரகசியமா வித்தியா?”

“அவன்தான்க்கா சொல்லவேணாம்னு…”

“நீ இன்னா சின்னப் புள்ளயா?”

அதோடு பேச்சு நின்றது. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு நாங்கள் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. வாஷர் வேண்டுமென்றால்கூட கடைத்தெரு கடைசிவரை நடந்துபோய் வாங்கி வந்தார்.

பத்து நாள் கழித்து ஆடித் திருவிழா. மலையில் அவர்கள் ஊர்க் கோயிலுக்கு வருஷா வருஷம் என்னையும் கூப்பிடுவார்கள். தம்பிதான் வந்து கூப்பிட்டான். அக்கா கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜீப்பில் முன்னால் தம்பியும் அக்காவும். பின்னால் எதிரெதிர்ப் பலகையில் நாங்கள் எட்டுப்பேர். துணி எடுக்க ஊருக்கு வந்திருந்த பெண்ணின் அப்பா, பின்கதவை ஒட்டி எனக்கு எதிரே மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். காற்று சில்லென்று இருந்தது. நல்ல சாப்பாடு கிடைக்கும் என்ற நினைப்பில் நான் இருந்தேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் முனகிக்கொண்டு ஏறும்போது அந்தச் சத்தம் கேட்டது. உஸ்ஸ்ஸ். ஆனால் நிற்காமல் நீளமாக வந்தது. பின்னால் கருப்புப் புகை மூடியது. அக்கா திரும்பி நேரே என்னைத்தான் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அதற்குள் வண்டி இரண்டு தடவை உதறி நின்றுவிட்டது. தம்பி பிரேக்கை மிதித்தான், மறுபடி மறுபடி மிதித்தான். இன்ஜின் நின்றுபோன வண்டியில் அந்த மிதி கல் மாதிரி இறுகிவிடும். ஜீப் பின்னால் நகர ஆரம்பித்தது.

நாங்கள் யாரும் கத்தவில்லை. அதற்கு நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. சாலை வேலைக்காக ஓரமாகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் பின்சக்கரம் ஏறி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதற்கு அந்தப் பக்கம் பள்ளம். பின்கதவு திறந்து பெண்ணின் அப்பா ஜல்லியில் விழுந்தார். அவர் மேல் நான் விழுந்தேன். அவர் கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் எடைக்கும் அதில் பங்கு உண்டு என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மேலேயிருந்து வந்த வண்டிகள் நின்றன. ஆட்கள் கூடிவிட்டார்கள். பெரியவரைச் சாலையோரம் படுக்கவைத்து, காலில் குச்சியை வைத்துத் துண்டால் கட்டினார்கள். மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். தம்பிக்கு உதடு கிழிந்திருந்தது.

“விசில் வுட்டுக்கினு ஓட்டனான் இல்ல, அதான்” என்று கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தார்.

“அது கழட்டியாச்சுங்க” என்றான் தம்பி. ஒருவரும் நம்பவில்லை. சத்தத்தைத்தான் எல்லோரும் கேட்டார்களே.

“எவன்யா வித்தான் அத?”

நான் எதிர்மலையைப் பார்த்தேன். பெரியவர் படுத்தபடியே தம்பியைப் பார்த்துச் சொன்னார். குரலில் வலிகூடத் தெரியவில்லை.

“விசிலு மாட்டிக்கினு திரியறவனுக்கு எம்பொண்ண குடுக்க மாட்டேன். இங்கியே சொல்லிட்டேன்.”

தம்பி ஜல்லிமேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அக்கா அதுவரை பானட்டுக்குள் தலையை விட்டிருந்தார். அவர் வெளியே வந்தபோது கையில் ஒரு கிளாம்பு. அதை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கூட்டத்துக்கு நடுவில் வந்தார். நான் எனக்குள் தயாராகிக்கொண்டேன். வித்தவன் இதோ இருக்கான் என்று கையைக் காட்டுவார், இவர்கள் என்னை அடிப்பார்கள், அதுவும் நியாயம்தான் என்று.

“வால்வு இல்ல” என்றார் அக்கா. “வால்வ நான் கழட்டி பத்து நாள் ஆவுது. கழட்டன எடத்துல குழாய சேத்து கிளாம்பு போட்டது நானு. பழைய கிளாம்பு. திருகு தேஞ்சிருந்துச்சு. தாங்கும்னு நெனச்சேன். மலையில காத்து அழுத்தம் ஏறனதும் நழுவிடுச்சு.”

கிளாம்பை என் பக்கம் நீட்டினார்.

“புது கிளாம்பு இந்தாளு கடையில டப்பா டப்பாவா இருக்குது. அவன் மேல கோவம். அவன்கிட்ட வாங்கக்கூடாதுன்னு இருந்தேன்.”

பெரியவர் தலையைத் தூக்கினார். “அப்ப என் கால ஒடச்சது நீயாம்மா?”

“ஆமாங்க.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தம்பியின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்திருந்தது. ஆனால் அக்கா தொடர்ந்தார்.

“ஆனா உங்க மாப்ள வளைவுல ஃபர்ஸ்ட் கியர் போட்டிருந்தா வண்டி நின்னிருக்காது. ஹேண்ட் பிரேக்கும் இழுக்கல. அதுவும் இருக்குது.”

“க்கா” என்றான் தம்பி.

பெரியவரைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். ஆறேழு நாள் அக்கா பட்டறையைப் பூட்டிவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். அவர் பேசவில்லை, அக்காவும் வலியப் பேசவில்லை. சாப்பாடு ஊட்டுவார், பாத்திரம் கழுவுவார், வெளியே வந்து உட்காருவார். கடைசியில் வீட்டுக்குக் கிளம்புகிற அன்று பெரியவர் தம்பியைக் கூப்பிட்டார்.

“பொண்ணு உன்னத்தான் கட்டுவேங்குது. சரி. ஆனா கல்யாணத்துக்கு நான் பஸ்ல வருவேன்.”

பஸ்ஸில்தான் வந்தார்.

அக்காவின் தொழில் அடி வாங்கியது. அவர் வாயாலேயே சொல்லிவிட்டதால் அதை யாராலும் குறைத்துச் சொல்ல முடியவில்லை, கூட்டித்தான் சொன்னார்கள். மூன்று பேர் செத்தார்கள் என்றுகூட உளுந்தூர்ப்பேட்டையில் ஒரு பேச்சு. அக்கா ஒரு காலை சாலையைக் கடந்து என் கடைக்கு வந்தார்.

“ஒரு டப்பா கிளாம்பு குடு. புதுசு.”

“எதுக்குக்கா?”

“அந்தப் பழைய கிளாம்பு ஒரு கொத்து வச்சிருந்தேன். இன்னும் பதினோரு வண்டியில போட்டிருக்கறேன். மாத்தணும்.”

“விடுக்கா. ஒண்ணும் ஆவாது. சமவெளியில ஓடற வண்டிங்கதானே. நீ போய் நின்னா இருக்கற ஆளுங்களும் போயிடுவாங்க.”

“நீ வரியா, நான் பஸ்ல போவவா?”

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஊரில் பாதி வண்டிகளின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தவருக்கு சைக்கிள்கூட வராது என்பது அன்றுதான் தெரிந்தது. என் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஐந்து நாள் அலைந்தேன். சங்கராபுரம், சின்னசேலம், அங்கே இங்கே என்று. சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் கிளாம்பை மாற்றிக்கொண்டு, இனி வரமாட்டோம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசி வண்டி களமருதூரில். நெல் ஏற்றுகிற டிராக்டர். சொந்தக்காரர் பெரிய விவசாயி. அக்காவைப் பார்த்ததும் களத்திலேயே கையை நீட்டி நிறுத்திவிட்டார்.

“தொடாதம்மா. நீ கை வச்ச வண்டி மலையில உருண்டுச்சாம்.”

“ஆமாங்க. அதான் பாக்க வந்தேன். ரெண்டு நிமிசம்.”

“வேணாம்னு சொல்றேன் இல்ல. போ.”

அக்கா போகவில்லை. டிராக்டருக்கு எதிரே களத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வெயில். விவசாயி வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டார், தூங்கினார். அவர் மனைவி வந்து இருவருக்கும் மோர் கொடுத்துவிட்டு, “இன்னா பொம்பளம்மா நீ” என்று சொல்லிப் போனார். நான் இரண்டு தடவை கிளம்பலாம் என்றேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. நாலு மணிக்கு அந்த மனிதர் தூங்கி எழுந்து வந்து, இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தானே போய் பானட்டைத் தூக்கினார்.

“பாரு. பாத்துட்டுக் கெளம்பு.”

அக்கா குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

“இது புது கிளாம்புதான். இதுல பழசு போடலங்க. நான்தான் மறந்துட்டேன்.”

விவசாயி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுக்கா இவ்ளோ நேரம் வெயில்ல குந்தியிருந்த?”

“ஆமாங்க” என்றார் அக்கா. பிறகு, “ஃபேன் பெல்ட்டு வெடிச்சிருக்குது. அறுவடைக்குள்ள மாத்திடுங்க” என்று சொல்லிவிட்டு வந்து என் பின்னால் ஏறிக்கொண்டார்.

உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டினோம். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ஏதோ அதிர்கிறதே என்று தோன்றியது. பைக்கில்தான் ஏதோ கோளாறு என்று வேகத்தைக் குறைத்தேன். வேகம் குறைந்தும் அதிர்வு நிற்கவில்லை. அது பைக் இல்லை, அக்கா என்று அப்போதுதான் புரிந்தது. கண்ணாடியில் பார்க்கலாம். பார்க்கவில்லை.

“அந்தப் பள்ளத்து ஓரம் ஜல்லிய மட்டும் கொட்டாம இருந்திருந்தா…” என்றார்.

“தெரியும்க்கா” என்றேன்.

லாரிகளை முந்தாமல் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு வந்தேன்.